பட்டன் போடலாம், ஆனால் எப்போது?

குழந்தைகள் இதய நலம்: வாசகர் கேள்வி - பதில்

இதயத்தில் ஓட்டையோடு பிறக்கும் குழந்தைகளைப் பற்றி சென்ற இதழில் நான் எழுதிய சின்னக் கட்டுரைக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் ஸ்கேன்) ரிப்போர்ட்டையே படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து உங்கள் பிள்ளைக்கு இதுதான் வழி என்று என்னால் சொல்ல முடியாது. பிள்ளையைப் பார்க்க வேண்டும், பால் குடிப்பதைப் பார்க்க வேண்டும், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்க வேண்டும். ஆனால் பல கடிதங்களில் கேள்வி ஒன்றாகவே இருந்ததால் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பட்டன் என்று நாங்கள் சொல்வது, நெஞ்சைத் திறக்காமல் ரத்தக் குழாய் வழியாகக் கொண்டுபோய் ஓட்டையை அடைக்கிற சின்ன வலைக் கருவியை.

"என் மகளுக்கு நாலு வயது. காய்ச்சலுக்குக் காட்டப் போன இடத்தில் நெஞ்சில் ஏதோ சத்தம் கேட்கிறது என்றார்கள். எக்கோவில் ஏ.எஸ்.டி., 14 மி.மீ. என்று வந்திருக்கிறது. தொடை வழியாக பட்டன் போட்டு மூடலாமாம். ஆனால் அவள் நன்றாக ஓடுகிறாள், விளையாடுகிறாள். நல்லா இருக்கிற பிள்ளையை எதுக்குத் தொடணும் என்கிறார் என் மாமியார். எனக்கும் அப்படித்தான் படுகிறது." - வாசகி, திண்டுக்கல்

உங்கள் மாமியார் கேட்பது நியாயமான கேள்வி. ஏ.எஸ்.டி. உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாகத்தான் இருப்பார்கள். அடிக்கடி சளி பிடிக்கும், எடை கொஞ்சம் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். சிலருக்கு அதுவும் இருக்காது. இந்த ஓட்டையின் குணமே அதுதான், சத்தம் போடாது.

இதயத்தில் மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. மேல் அறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஓட்டை இருந்தால் அது ஏ.எஸ்.டி. நுரையீரலில் சுத்தமாகி இடது பக்கம் வந்த ரத்தம் உடம்புக்குப் போக வேண்டும். அதில் ஒரு பங்கு ஓட்டை வழியாக வலது பக்கம் இறங்கி, மறுபடியும் நுரையீரலுக்கே போகிறது. அரைத்த மாவையே அரைக்கிற வேலை. இதயத்தின் வலது பக்கத்துக்கு இது கூடுதல் சுமை. சுமக்கச் சுமக்க அந்தப் பக்கம் பெரிதாகிக்கொண்டே வரும். நாலு வயதில் வெளியே தெரியாது. முப்பது, நாற்பது வயதில் மாடி ஏறினால் மூச்சு வாங்கும், துடிப்பு ஒழுங்கு தப்பும், சிலருக்கு நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறும். முதல் பிரசவத்தின்போதுதான் தனக்கு ஏ.எஸ்.டி. இருப்பதே தெரிந்தது என்று வந்த பெண்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

5 மி.மீ.க்குள் இருப்பவை பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். 14 மி.மீ. ஓட்டை நாலு வயதுக்கு மேல் தானாக மூடும் என்று காத்திருப்பதில் பயன் இல்லை. வலது பக்கம் பெரிதாகியிருக்கிறது என்று ரிப்போர்ட்டில் இருந்தால் மூடுவதுதான் சரி. பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள், எடை 15 கிலோவைத் தாண்டியபின் செய்கிறோம். நாளைக்கே ஓட வேண்டியதில்லை. பள்ளி லீவு வரைக்கும் தாராளமாகப் பொறுக்கலாம். பத்து வருடம் பொறுக்கக் கூடாது.

இன்னொன்று. எல்லா ஏ.எஸ்.டி.யையும் பட்டனால் மூட முடியாது. சுவரின் நடுப்பகுதியில் இருக்கும் ஓட்டைக்குத்தான் அது பொருந்தும். சுற்றிலும் பிடித்து நிற்க 5 மி.மீ. அளவுக்காவது விளிம்பு வேண்டும். காஜா ஓரம் கிழிந்துபோன சட்டையில் பட்டன் நிற்குமா? அது மாதிரிதான். உங்கள் டாக்டரிடம் "விளிம்பு எல்லாப் பக்கமும் இருக்கிறதா?" என்று கேளுங்கள். அவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

"பட்டன் என்கிறீர்கள், குடை என்கிறீர்கள். அவ்வளவு பெரிய பொருள் ஒரு சிறு குழந்தையின் ரத்தக் குழாய்க்குள் எப்படிப் போகிறது? இதைக் கண்டுபிடித்தது யார்?" - ஓய்வு பெற்ற ஆசிரியர், மன்னார்குடி

ஐயா, என் மேஜையில் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் பழைய மாதிரி ஒன்று வைத்திருக்கிறேன். பார்க்க வருகிற பிள்ளைகளிடம் கொடுத்து இழுக்கச் சொல்வேன். மெல்லிய கம்பியால் நெருக்கமாகப் பின்னிய வலை அது. இரண்டு வட்டத் தட்டுகள், நடுவில் இடுப்பு மாதிரி ஒரு கழுத்து. உள்ளே பாலியஸ்டர் துணி தைத்திருக்கும். இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால் தாம்புக்கயிறு மாதிரி நீண்டு ஒல்லியாகிவிடும். விட்ட உடனே பழையபடி இரண்டு தட்டாக விரிந்துகொள்ளும். நைட்டினால் என்கிற நிக்கல், டைட்டானியம் கலப்பு உலோகத்தின் குணம் அது. எவ்வளவு நெளித்தாலும் தன் பழைய உருவத்தை மறக்காது.

அளவைச் சொல்கிறேன். முதல் கடிதத்துக் குழந்தைக்கு 16 மி.மீ. கழுத்துள்ள பட்டன் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் இடது தட்டின் அகலம் 30 மி.மீ., பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரியது. அதை இழுத்து நீட்டி உள்ளே விடுகிற குழாயின் உட்புறம் இரண்டரை மி.மீ. கூட இல்லை.

குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்தபின், இடுப்பும் தொடையும் சேருகிற இடத்தில் ஊசியால் ஒரு துளை போட்டுச் சிரைக்குள் போகிறோம். அங்கிருந்து இதயம் வரைக்கும் நேர் வழி. எக்ஸ்ரே திரையில் கம்பி தெரியும், ஓட்டை தெரியாது. ஓட்டையைப் பார்க்க வாய் வழியாக உணவுக்குழாயில் ஒரு எக்கோ கருவியை இறக்கியிருப்போம். அது இதயத்தின் பின்பக்கமாக நின்று படம் காட்டும். குழாயை ஓட்டையைத் தாண்டி இடது மேல் அறைக்குள் கொண்டுபோய் வைத்து, பட்டனைக் கேபிள் என்கிற மெல்லிய கம்பியால் தள்ளத் தள்ள முதலில் இடது தட்டு விரியும். மொட்டு விரிகிற மாதிரி மெதுவாக. அதை அப்படியே சுவர் வரைக்கும் பின்னால் இழுத்தால் கையில் ஒரு தடை தெரியும். அப்புறம் குழாயை இன்னும் கொஞ்சம் பின்வாங்கினால் வலது தட்டும் விரிந்து, சுவரை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும்.

இந்த இடத்தில்தான் அறையில் யாரும் பேச மாட்டோம். பட்டன் இன்னும் கேபிள் முனையில் திருகாணி மாதிரி மாட்டியே இருக்கிறது. வால்வில் இடிக்கிறதா, நுரையீரலிலிருந்து வரும் சிரையை மறைக்கிறதா, ஓரத்தில் ரத்தம் கசிகிறதா என்று எக்கோவில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பிறகு கேபிளை லேசாக முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்போம். நிற்கவில்லை என்றால் வந்த வழியே குழாய்க்குள் இழுத்துக்கொண்டு, வேறு அளவு போடலாம், அல்லது விட்டுவிடலாம். எல்லாம் சரி என்றால் மட்டும் கேபிளை இடப்புறமாகத் திருகிக் கழற்றுகிறோம். கழன்றதும் பட்டன் இலேசாகத் திரும்பித் தன் இடத்தில் உட்காரும். அந்த ஒரு அசைவுக்காக இன்றைக்கும் என் மூச்சு நின்று வருகிறது. தையல் கிடையாது. மொத்தம் ஒரு மணி நேரம் ஆகும், சில நேரம் கொஞ்சம் கூடும். அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ வீட்டுக்குப் போகலாம்.

கண்டுபிடித்தவர் ஒருவர் இல்லை ஐயா. 1929-ல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர் தன் கைச் சிரை வழியாகத் தானே ஒரு குழாயை இதயம் வரை செலுத்திக்கொண்டு, நடந்து போய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். அன்று திட்டு வாங்கியவருக்கு 1956-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1967-ல் கிழக்கு பெர்லினில் போர்ஸ்ட்மன் என்பவர், மூடாமல் நின்றுபோன ரத்தக் குழாய் ஒன்றை, அதாவது பி.டி.ஏ.வை, நெஞ்சைத் திறக்காமல் ஒரு பிளக் வைத்து அடைத்ததை வெளியிட்டார். அமெரிக்காவில் கிங், மில்ஸ் என்ற இருவரும் 1970-களின் நடுவில் 17 வயதுப் பெண் ஒருத்தியின் ஏ.எஸ்.டி.யை இரட்டைக் குடையால் மூடினார்கள். ஆனால் அவர்கள் பயன்படுத்திய குழாய் மிகத் தடிமன், குழந்தைகளுக்கு ஆகாது. நாம் இன்று பார்க்கிற வலைப் பட்டனைக் கொண்டுவந்தவர் ஆஸ்திரியாவில் பிறந்து மினசோட்டாவில் வேலை பார்த்த குர்ட் ஆம்ப்ளாட்ஸ். 1990-களின் நடுவில் அது மனிதர்களுக்கு வந்தது, 2001-ல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. இதயம் நுரையீரல் இயந்திரத்தை வைத்து ஜான் கிப்பன் 1953-ல் வெற்றிகரமாகச் செய்த முதல் திறந்த இதய அறுவை சிகிச்சையும் ஒரு ஏ.எஸ்.டி.யை மூடத்தான். அரை நூற்றாண்டுக்குள் அதே ஓட்டை ஒரு ஊசித் துளை வேலையாகிவிட்டது.

"பேரனுக்கு மூன்று மாதம். வி.எஸ்.டி. 3 மி.மீ., தசைப் பகுதியில் என்று எழுதியிருக்கிறார்கள். தானாக மூடிவிடும், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று மாத்திரைகூடத் தராமல் அனுப்பிவிட்டார்கள். அலட்சியமாக இருக்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது." - தாத்தா, ஒரத்தநாடு

அலட்சியம் இல்லை ஐயா, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். கீழ் அறைகளுக்கு நடுவே இருப்பது வி.எஸ்.டி. அதில் தசைப் பகுதியில் உள்ள சின்ன ஓட்டைகளில் பெரும்பாலானவை முதல் இரண்டு வருடத்துக்குள் தானாக மூடிக்கொள்ளும். பிள்ளை வளர வளரச் சுற்றியுள்ள தசையும் வளர்ந்து அடைத்துவிடும். சின்ன ஓட்டைக்குத்தான் சத்தம் அதிகம். வாய்க்கால் மடை குறுகினால் தண்ணீர் இரைகிற மாதிரி. சத்தத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

நீங்கள் பார்க்க வேண்டியது பால் குடிக்கிற நேரத்தை. பேரன் ஒரே மூச்சில் குடிக்கிறானா? நாலு சப்பு சப்பிவிட்டு, விட்டு, மூச்சு வாங்கி, மறுபடி சப்புகிறானா? ஃபேன் ஓடும்போதே நெற்றியும் தலையும் வியர்த்து மருமகளின் கை நனைகிறதா? விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுகிறதா? எடை ஏறவில்லையா? இதில் எது இருந்தாலும் ஆறு மாதம் காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள். ஒன்றும் இல்லை என்றால் சொன்ன தேதியில் போனால் போதும். தடுப்பூசிகளைத் தள்ளிப் போடாதீர்கள்.

"என் மகனுக்கு ஐந்து மாதம். எடை நாலு கிலோதான். வி.எஸ்.டி. 9 மி.மீ. உடனே நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் என்கிறார்கள். நெஞ்சைக் கீற மனசு வரவில்லை. எடை கூடியதும் பட்டன் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு சொந்தக்காரர் சொன்னார். காத்திருக்கலாமா?" - அப்பா, திருப்பூர்

காத்திருக்க வேண்டாம். இந்த இதழில் நீங்கள் படிக்கிற மற்ற எதையும் மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்காதீர்கள்.

உங்கள் பிள்ளைக்கு எடை கூடாததற்குக் காரணமே அந்த ஓட்டைதான். மூடாமல் எடை கூடாது, எடை கூடாமல் பட்டன் போட முடியாது. இரண்டுக்கும் நடுவில் மாதங்கள் ஓடும். அந்த மாதங்களில் கெடுவது நுரையீரல். இடது கீழ் அறையின் முழு அழுத்தமும் பெரிய ஓட்டை வழியாக நுரையீரல் குழாய்களில் போய் மோதுகிறது. மோதி மோதி அந்த நுண்குழாய்களின் சுவர் தடித்து, விறைத்து, குறுகிப்போகும். ஒரு கட்டத்துக்கு மேல் அது திரும்பாது. நுரையீரல் பக்க அழுத்தம் உடம்பு பக்க அழுத்தத்தைத் தாண்டியதும் ரத்தம் எதிர்த்திசையில் ஓட ஆரம்பிக்கும், உதடும் நகமும் நீலமாகும். 1897-ல் இதை முதலில் எழுதிய விக்டர் ஐசன்மெங்கர் பெயரால் இதை அழைக்கிறோம். அந்த நிலைக்குப் போனபின் ஓட்டையை மூடினால் ஆளே பிழைக்க மாட்டார். அதனால்தான் பெரிய வி.எஸ்.டி.யை முதல் வருடத்துக்குள் மூடிவிட வேண்டும் என்று இத்தனை பிடிவாதமாகச் சொல்கிறோம்.

நான் படித்து முடித்துச் சில வருடங்களே ஆன சமயம். ஒரு மருத்துவ முகாமில் ஒன்பது வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். பையனின் விரல் நுனிகள் முரசுக் கோல் மாதிரி உருண்டிருந்தன, நகம் நாவற்பழ நிறம். அம்மா சேலை முந்தியில் முடிந்துவைத்திருந்த ஒரு காகிதத்தைப் பிரித்துக் கொடுத்தார். மடித்து மடித்து மடிப்பெல்லாம் நூலாகியிருந்தது. பிள்ளைக்கு மூன்று மாதமாக இருந்தபோது எங்கோ ஒரு மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தது. பெரிய வி.எஸ்.டி. என்று சரியாகவே எழுதியிருந்தார்கள். கடைசி வரி: "பிறகு வந்து காட்டவும்." எப்போது என்று இல்லை. "இன்னும் பெரியவனாகட்டும்னு இருந்தோம் டாக்டர். போன வருஷம் கொஞ்சம் காசு சேர்ந்துச்சு" என்றார். அவர் சேர்த்துக்கொண்டு வந்த காசுக்கு என்னிடம் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. அன்றிலிருந்து நான் எழுதுகிற எந்தச் சீட்டிலும் மறுபடி வர வேண்டிய நாளை மாதத்தோடு எழுதி, அடியில் கோடு போட்டு, அதை அந்த அம்மாவையோ அப்பாவையோ ஒருமுறை வாயால் சொல்ல வைத்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

நெஞ்சில் தழும்பு இருக்கும். அதை மறைக்க முடியாது. ஆனால் அந்தத் தழும்போடு இன்று காலேஜ் போகிற பிள்ளைகள் எத்தனையோ பேர். பட்டன் நல்ல கருவிதான். பிள்ளைக்குப் பொருந்தும்போதுதான் நல்ல கருவி. வி.எஸ்.டி.யில் அது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. வால்வுக்கு மிக அருகில் உள்ளதற்குப் போட்டால் வால்வு கெடலாம். இதயத்தின் மின்நரம்பு ஓடும் பாதை அருகில் அழுத்தினால் துடிப்பு தடைபட்டு பேஸ்மேக்கர் வைக்க வேண்டிய நிலைகூட வரலாம். உங்கள் மருத்துவர்கள் சொல்கிற தேதியில் ஆபரேஷனுக்குப் போங்கள்.

"பெயர் போடாதீர்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்தது என்கிறார்கள். கிரகணத்தன்று வெளியே வந்தேன், அதனால் என்று அத்தை சொல்கிறார். மசக்கையில் சாப்பிட்ட மாத்திரையாக இருக்குமோ என்று நான் நினைக்கிறேன். யார் செய்த தப்பு இது?" - ஒரு தாய்

யாருடைய தப்பும் இல்லை அம்மா. உங்களுடையது இல்லவே இல்லை.

உயிரோடு பிறக்கும் 1,000 குழந்தைகளில் எட்டு, ஒன்பது பேருக்கு இதயத்தில் ஏதாவது ஒரு குறை இருக்கிறது. எல்லா நாட்டிலும், எல்லா வீட்டிலும். இதயம் உருவாகி முடிவது கருத்தரித்த எட்டு வாரத்துக்குள். பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே அப்போதுதான் தெரியவரும். கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடும் என்பது உண்மை. ஆனால் சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நல்ல இதயத்தோடுதான் பிறக்கிறார்கள். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, கர்ப்பத்தின் தொடக்கத்தில் வரும் ரூபெல்லா அம்மை, வலிப்புக்கான சில மாத்திரைகள் ஆகியவை காரணமாகலாம். மசக்கை வாந்திக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சாதாரண மாத்திரையை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டவே முடியாது.

அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு, மூன்று அளவில்தான். 18-லிருந்து 22-வது வாரத்துக்குள் கருவின் இதயத்துக்கென்று தனியாக எக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். அத்தையிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

"செலவுக்கு என்ன வழி? நான் தறி ஓட்டுகிறவன்." - வாசகர், சோமனூர்

முதலில் நகையை அடகு வைக்காதீர்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வாங்கலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். பிறவி இதயக் குறைக்கான ஆபரேஷனும் பட்டன் சிகிச்சையும் அதில் அடங்கும். பிறந்ததிலிருந்து 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு 2013-லிருந்து மத்திய அரசின் சிறார் நலத் திட்டம் ஒன்றும் நடக்கிறது. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து பரிசோதிக்கிற டாக்டர் குழு அதைச் சேர்ந்ததுதான். அவர்களிடம் சொன்னால் மாவட்ட மையம் வழியாக அனுப்பிவைப்பார்கள். ஆவணங்களை எல்லாம் ஒரு பையில் போட்டு இரண்டு நகல் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், ஒப்புதல் வாங்கும் நேரத்தில் அலைச்சல் குறையும்.

"குறைமாதத்தில் 900 கிராமோடு பிறந்த குழந்தைகளுக்குப் பி.டி.ஏ. அடைக்காமல் வென்டிலேட்டரிலேயே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு சின்னக் குழந்தைக்கும் இப்போது இந்த முறை உண்டா?" - செவிலியர், கோவை

உண்டு. வயிற்றுக்குள் இருக்கும்போது குழந்தைக்கு நுரையீரல் வேலை செய்யத் தேவையில்லை, அதனால் ரத்தம் அதைச் சுற்றிப் போக இயற்கை வைத்த குறுக்குப் பாதைதான் பி.டி.ஏ. என்கிற அந்தக் குழாய். நிறைமாதக் குழந்தைக்குப் பிறந்து இரண்டு மூன்று நாளில் சுருங்கி மூடிவிடும். குறைமாதக் குழந்தைக்குப் பல நேரம் மூடுவதில்லை. முதலில் மருந்து கொடுத்துப் பார்ப்போம். அதிலும் மூடாமல் குழந்தை திணறினால், பட்டாணி அளவே உள்ள ஒரு வலை பிளக் இருக்கிறது. 700 கிராமுக்கு மேல் உள்ள குழந்தைகளுக்கு அதைப் பயன்படுத்த அமெரிக்காவில் 2019-ல் அனுமதி கொடுத்தார்கள். ஆனால் அந்த எடையில் குழந்தையைச் சூடு குறையாமல் கேத் லேபுக்கு, அதாவது குழாய் வழிச் சிகிச்சை செய்யும் அறைக்கு, கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதே பாதிச் சிகிச்சை. அதைச் செய்வது உங்களைப் போன்ற செவிலியர்கள்தான் சகோதரி. பழக்கப்பட்ட கைகள் உள்ள இடத்தில் மட்டுமே செய்ய வேண்டிய வேலை.

"எனக்கு ஆறு வயதில் ஏ.எஸ்.டி.க்குப் பட்டன் போட்டார்கள். இப்போது பதினொன்றாம் வகுப்பு. நான் வளர்ந்துவிட்டேன், பட்டன் வளரவில்லையே, பத்தாமல் போய்விடாதா? ஸ்கேன் எடுத்தால் காந்தம் இழுத்துவிடுமா? கபடி டீமில் சேர அம்மா விட மாட்டேன் என்கிறார்." - மாணவி, நாகர்கோவில்

கண்ணு, உன் பட்டன் இப்போது வெறும் உலோகம் இல்லை. போட்ட மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் உன் இதயத்தின் உள்தோலே அதன் மேல் படர்ந்து மூடியிருக்கும். பழைய ஓட்டையைப் பட்டன் அடைத்துக்கொண்டிருக்கிறது, சுற்றியுள்ள சுவர்தான் உன்னோடு வளர்ந்திருக்கிறது. அதனால் பத்தாமல் போகாது. நைட்டினாலைக் காந்தம் இழுக்காது, எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். எடுப்பவரிடம் பட்டன் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லி அட்டையைக் காட்டு. விமான நிலையத்தில் ஒலியும் எழுப்பாது.

முட்டி மோதுகிற விளையாட்டுக்கு முதல் ஆறு மாதம்தான் தடை. அது முடிந்து பத்து வருடம் ஆகிறது. கடைசி எக்கோ எப்போது எடுத்தாய் என்று நீ எழுதவில்லை. அதை ஒன்று எடுத்துப் பார், இதயம் சரியான அளவுக்கு வந்திருக்கிறது, கசிவு இல்லை என்றால் தாராளமாக ஆடு. பின்னாளில் கல்யாணம், குழந்தை எதற்கும் இந்தப் பட்டன் குறுக்கே வராது. ஒன்றே ஒன்று: எத்தனை வருடம் ஆனாலும் திடீரென்று நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல் வந்தால், எனக்குப் பட்டன் இருக்கிறது என்று சொல்லி உடனே எக்கோ எடுக்கச் சொல். பட்டன் உரசி இதயச் சுவர் சேதமாவது மிக மிக அபூர்வம், ஆனால் வந்தால் நேரம் முக்கியம். அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல். இத்தனை வருடம் உன்னைப் பார்த்துப் பார்த்து வளர்த்தவர், அவருக்கும் எக்கோவை ஒருமுறை நேரில் காட்டு.

"அடுத்த மாதம் என் ஐந்து வயது மகனுக்குப் பட்டன் போடத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அவனிடம் என்ன சொல்வது? நாங்கள் எப்படித் தயாராவது?" - பெற்றோர், ராஜபாளையம்

பொய் சொல்லாதீர்கள். "ஊசி போட மாட்டாங்க" என்று கூட்டிக்கொண்டு வந்த பிள்ளை ஊசியைப் பார்த்ததும், அப்புறம் எங்களையும் நம்பாது, உங்களையும் நம்பாது. "இதயத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கு, தூங்க வைத்து அடைப்பாங்க, எழுந்திருக்கும்போது அம்மா பக்கத்தில் இருப்பேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் அவன் கேட்டால் சொல்லுங்கள்.

கவரிங் நகை பட்டு வீட்டில் யாருக்காவது, முக்கியமாகப் பையனுக்கு, அரிப்போ தடிப்போ வந்திருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பட்டனில் நிக்கல் இருக்கிறது. சளி, காய்ச்சல், சொத்தைப் பல் எது இருந்தாலும் தேதிக்கு முன் சரிசெய்ய வேண்டும். அன்று காலை ஆறு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள். பாவம் பசிக்குமே என்று பாட்டி ஒரு பிஸ்கட்டை ஊட்டிவிட்டால் மயக்க மருந்து கொடுக்க முடியாது, தேதி போய்விடும்.

அரைஞாண் கயிறும் தாயத்தும் கழற்ற வேண்டியிருக்கும், ஏனென்றால் நாங்கள் ஊசி போடுகிற இடம் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு பாட்டி குலசாமி தாயத்தைக் கழற்ற மாட்டேன் என்று லேப் வாசலில் நின்றுவிட்டார். எங்கள் நர்ஸ் அதை வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டு, பாட்டியின் கையிலேயே கட்டிவிட்டார். "நீங்க பிடிச்சிருங்க பாட்டி, வெளியே வந்ததும் திரும்பக் கட்டிடலாம்." பாட்டி ஒன்றும் பேசாமல் கையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபின் ஆறு மாதம் ஆஸ்பிரின் இருக்கும். அந்த நாட்களில் அம்மை போட்டாலோ கடுமையான காய்ச்சல் வந்தாலோ டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடராதீர்கள். காது குத்தை ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். பல் பிடுங்க நேர்ந்தால் முன்னால் ஆன்டிபயாடிக் தேவைப்படும். மொட்டை அடிக்கத் தடை இல்லை.

கஷ்டமான நேரம் என்றால் மயக்கம் தெளிந்தபின்தான். ஊசி போட்ட காலை நாலைந்து மணி நேரம் மடக்கக் கூடாது. ஐந்து வயதுப் பையனைக் காலை நீட்டிப் படுக்க வைப்பது எங்கள் வேலையைவிடக் கஷ்டம். கதை தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பஸ் கண்டக்டர் ஒருவர் தன் மகனின் கட்டிலோரம் உட்கார்ந்து, அவன் முழங்காலில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மதுரையிலிருந்து பஸ்ஸை எடுத்தார். திருமங்கலம் என்று சொல்லி விசில் மாதிரி ஒரு சத்தம். யார் யார் இறங்குகிறார்கள், யார் ஏறுகிறார்கள், யார் சில்லறை தரவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி. பையன் காலை அசைக்காமல் "ரைட்" கொடுத்துக்கொண்டே வந்தான். நான் ரவுண்ட்ஸ் முடித்துத் திரும்பி வந்தபோது பஸ் கயத்தாறில் நின்றிருந்தது, பையன் தூங்கியிருந்தான், அப்பாவின் கை மட்டும் முழங்காலை விட்டு எடுபடவில்லை.